ஆஃப் வழியாகத் திருப்பலாமா, கூடாதா?

நங்கூரம்: நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போனார்: "படகில் இருக்கிற இரட்டை பேட்டரி சுவிட்ச்தானே, இன்ஜின் ஓடும்போது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம், ஒன்றும் ஆகாது." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் குமிழில் 1, போத் (இரண்டும் சேர்ந்து), 2, ஆஃப் என்று நான்கு இடங்கள். 1-லிருந்து போத் வழியாக 2-க்குப் போனால், ஒரு பேட்டரியை விடுமுன் மற்றதைப் பிடித்துக்கொள்ளும். ஆஃப் வழியாகச் சுற்றினால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் கரன்ட்டுக்குப் போக்கிடம் இல்லை. வோல்டேஜ் எகிறி, கரன்ட்டை ஒரே பக்கமாக விடும் அதன் டையோடு போய்விடும். ஆஃப் வழியாகத் திருப்பாதீர்கள்.

துடுப்புக்காரன்: எழுதியது நான்தான். பேரைச் சொல்லக் கூச்சமா? பத்து வருஷமாகத் திருப்புகிறேன், டையோடு அப்படியேதான் இருக்கிறது.

நங்கூரம்: நிறைந்த பேட்டரி 2 ஆம்பியர் இழுக்கும்போது அறுப்பதும், காலியான பேட்டரி 40 ஆம்பியர் இழுக்கும்போது அறுப்பதும் ஒன்றா? உங்களுக்கு இன்னும் அந்த நாள் வரவில்லை, அவ்வளவுதான். ஆஃப் வழியாகத் திருப்பாதீர்கள்.

செம்புக்கம்பி: முதலில் எந்த இன்ஜின் என்று சொல்லுங்கள். சின்னப் படகென்றால் பெரும்பாலும் அவுட்போர்டு, பின்பக்கம் வெளியே மாட்டுகிற இன்ஜின். அதில் காரில் இருக்கிற மாதிரி ஆல்டர்னேட்டர் இருக்காது. ஃப்ளைவீலுக்கு அடியில் கரன்ட் எடுக்கும் ஸ்டேட்டர் சுருள், பக்கத்தில் அதை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர்.

நங்கூரம்: ரெக்டிஃபையருக்குள் இருப்பது என்ன, கடலை மிட்டாயா? அதுவும் டையோடுதான்.

துடுப்புக்காரன்: என் சுவிட்சின் பின்னால் இரண்டு சின்ன முனைகள் இருக்கின்றன. ஆஃப் போகும்போது ஆல்டர்னேட்டரின் ஃபீல்டையும் (அதை வேலை செய்யவைக்கும் சுருளின் கரன்ட்டை) சேர்த்து அறுக்கத்தான் அவை. தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளுங்கள்.

நங்கூரம்: தெரியும். அதில் கம்பி மாட்டியிருக்கிறீர்களா?

துடுப்புக்காரன்: முனை இருக்கிறது என்றேன்.

நங்கூரம்: முனை இருப்பது எனக்கும் தெரியும் ஐயா. கம்பி?

புதுப்படகு: நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் பார்த்தால் படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கிற பில்ஜ் பம்ப் ஓடவே இல்லை.

செம்புக்கம்பி: எப்படி ஓடும்? பம்பின் மிதவை சுவிட்சுக்குப் போகும் பாசிட்டிவ் நேரே பேட்டரியிலிருந்து வரவேண்டும், பெரிய சுவிட்சைத் தாண்டி வரக்கூடாது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே தனி ஃபியூஸ் போடுங்கள். அப்புறம், இரண்டு பேட்டரியின் நெகட்டிவும் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். போத்தில் வைத்துவிட்டு இன்ஜினை நிறுத்தி உட்காராதீர்கள், இரண்டும் சேர்ந்து காலியாகும்.

துடுப்புக்காரன்: வயரிங் பாடம் யார் எடுப்பது பாருங்கள்! போன மழைக்காலத்தில் கம்பியை முறுக்கி டேப் சுற்றிய போட்டோ போட்டவர்தானே நீங்கள்?

செம்புக்கம்பி: அது கரை சேரும்வரைக்கும் என்று அன்றைக்கே எழுதினேன். மறுநாளே கம்பி நுனியில் லக் வைத்து அழுத்தி கிரிம்ப் செய்தாயிற்று. அந்த போட்டோவையும் போட்டேன், அதை மட்டும் நீங்கள் பார்க்கவில்லை.

நங்கூரம்: டேப்பை விடுங்கள். ஆஃப் வழியாக...

செம்புக்கம்பி: இந்தச் சண்டையே வேண்டாமென்றுதான் தானியங்கி ரிலே வந்தது. சுமார் 13.3 வோல்ட் வந்தால் இரண்டு பேட்டரியையும் சேர்க்கும், 12.8-க்கு இறங்கினால் பிரிக்கும். யாரும் எதையும் திருப்பவே வேண்டாம்.

நங்கூரம்: ரிலே கெட்டால் கையால்தானே திருப்புவீர்கள்? அப்போதும் ஆஃப் வழியாகத் திருப்பாதீர்கள்.

துடுப்புக்காரன்: ஞாயிற்றுக்கிழமை நானே திருப்பி வீடியோ போடுகிறேன்.

நங்கூரம்: போடுங்கள். பேட்டரியைப் பாதி காலியாக்கிவிட்டுத் திருப்புங்கள். அந்த இரண்டு முனையும் படத்தில் தெரியட்டும்.

துடுப்புக்காரன்: வெளிச்சம் இருந்தால் பார்க்கலாம்.

புதுப்படகு: பம்புக்கு எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்று யாராவது சொன்னால் தேவலை.

நங்கூரம்: பம்ப் மேலேயே எழுதியிருக்கும், பாருங்கள். துடுப்புக்காரரே, கம்பி மாட்டியிருக்கிறதா இல்லையா?