பிராக் வானியல் கடிகாரத்துக்காகக் காத்திருக்கலாமா?

வழிநடையன்:
செக் நாட்டுத் தலைநகரான பிராக்கில் மூன்று நாள் தங்கிவிட்டு வந்திருக்கிறேன். இனி போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பழைய நகரச் சதுக்கத்து வானியல் கடிகாரத்துக்காகக் காத்து நிற்காதீர்கள். மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே கூட்டம் நெருக்குகிறது. மேலே இரண்டு சின்னக் கதவுகள் திறக்கின்றன, இயேசுவின் சீடர்கள் பொம்மைகளாக வலம் வருகிறார்கள், எலும்புக்கூடு மணிக்கயிற்றை இழுக்கிறது, சேவல் கூவுகிறது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவர்கள் உயர்த்திப் பிடித்த கைப்பேசிகள்தான். சார்லஸ் பாலத்திலும் இதே நெரிசல். மறுநாள் மெட்ரோ ஏறி விசெஹ்ராத் கோட்டைக்குப் போனோம். மதிலோரம் நடந்தால் கீழே வல்தாவா ஆறு வளைந்து போகிறது. கல்லறைத் தோட்டத்தில் இசைமேதைகள் ஸ்மெதனாவும் த்வோர்ஷாக்கும் உறங்குகிறார்கள். கோட்டை வளாகத்தில் உலவக் கட்டணமும் இல்லை.

கோள்நோக்கி:
நீங்கள் பொம்மைகளைப் பார்த்தீர்கள், கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பொம்மைகள் பிற்காலத்துச் சேர்க்கை. 1945 மே மாதம் நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்து நகர மக்கள் எழுந்தபோது ஜெர்மானியர் தாக்குதலில் கோபுரம் தீப்பிடித்துப் பழைய சீடர்கள் எரிந்துபோனார்கள். இன்று வலம் வருபவர்கள் அதற்குப் பின் செதுக்கப்பட்டவர்கள். 1410 முதல் அங்கே இருப்பது வட்ட முகப்பு. அதன் வெளி வளையத்தில் 24 தங்க எண்கள் இருக்கின்றன. அது பழைய பொஹீமிய (செக் நாட்டு) நேரம்: சூரியன் மறைந்ததும் அடுத்த நாளின் கணக்கு தொடங்கிவிடும். அஸ்தமனம் மாறிக்கொண்டே இருப்பதால் அந்த வளையமும் ஆண்டு முழுவதும் முன்னும் பின்னும் நகர்கிறது. உள்ளே வளைந்த தங்கக் கோடுகள் பகலைப் பன்னிரண்டாகப் பங்கிடுகின்றன. கோடையில் ஒரு பங்கு நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். பகற்பொழுதை எட்டாக வகுத்து இராகுகாலம் கணிக்கிற நமக்கு இந்தக் கணக்கு அந்நியமா? இதை ஒரு நிமிட வேடிக்கை என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வழிநடையன்:
நீங்கள் சொல்வதில் பாதி எனக்குப் புதிது, நன்றி. ஆனால் முகப்பைப் படிக்க யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? என் அம்மாவுக்கு எழுபது வயது. உட்கார இடமில்லாமல் அந்தக் கல் பாவிய தரையில் அவரை நிற்க வைத்துவிட்டேன். அன்று மாலை முழுவதும் கால் வலியோடு அறையில் படுத்திருந்தார். பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் அதே தவறைச் செய்யக்கூடாது என்றுதான் எழுதினேன்.

ஆற்றங்கரை:
எட்டு ஆண்டுகளாக பிராக்கில் வசிப்பவள் என்ற முறையில் இருவரோடும் எனக்குப் பிணக்கு உண்டு. பாலத்தை நடுப்பகலில் பார்த்துவிட்டு நெரிசல் என்றால் என்ன செய்வது, அண்ணா? கோடையில் காலை ஐந்தரைக்கு வாருங்கள். பேரரசர் நான்காம் சார்லஸ் 1357இல் தொடங்கிய பாலம். இருபுறமும் 30 சிலைகள், ஆற்றிலிருந்து எழும் பனி, நாலைந்து பேர். கடிகாரத்தையும் கோட்டையையும் பேசிய நீங்கள் இருவருமே பிங்காஸ் யூதத் தொழுகைக்கூடத்தைச் சொல்லவில்லையே! நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறத்தாழ 80,000 செக் யூதர்களின் பெயர்களைச் சுவரெங்கும் கையால் எழுதியிருக்கிறார்கள். ஒரே குடும்பப்பெயரின் கீழ் எத்தனை பேர், கடைசியாக எந்த நாளில் உயிரோடிருந்தார்கள் என்று படித்துக்கொண்டே போனால் கண் இருட்டிவிடும். கம்யூனிஸ்ட் ஆட்சியில் அந்தப் பெயர்கள் அழிந்துபோய், 1990களில் மறுபடி எழுதப்பட்டன. மாடியில் நாஜிகளின் தெரெசின் முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன. ஊரில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், நான் அங்கேதான் அனுப்புவேன்.

கோள்நோக்கி:
சகோதரி சொன்னது சரி, எழுதாமல் விட்டது என் பிழை. வழிநடையரே, அம்மாவின் கால் வலிக்கு வருந்துகிறேன். மணி அடித்து முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். அப்போது போயிருந்தால் போதும். பாதி வெள்ளியும் பாதி கறுப்புமான நிலா உருண்டை ஒன்று முகப்பில் இருக்கிறது. அன்றைய பிறையை அது அப்படியே காட்டும். அம்மாவே பார்த்ததும் புரிந்துகொண்டிருப்பார்.

வழிநடையன்:
நிலா உருண்டையை அவரிடம் சொன்னேன், "அதை யாரும் காட்டவில்லையே" என்றார். இன்னொரு முறை வாய்த்தால் மணி அடித்த பிறகு போகிறோம், பிங்காஸுக்கும் போகிறோம். ஆனால் வயதானவர்களோடு ஒரே ஒரு மாலைப்பொழுது இருப்பவர் கேட்டால், இப்போதும் விசெஹ்ராத் என்றுதான் சொல்வேன். அங்கே மரநிழலில் பெஞ்சுகள் இருக்கின்றன.