வாரியத்தில் ஒரு நாற்காலி: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நியமனக் கோப்பு பார்த்தவர்

அரசு வாரியங்களுக்கு உறுப்பினர் நியமிக்கும் கோப்புகளைப் பல வருஷம் கையாண்டவள் நான். "தகுதியான பெண்கள் கிடைக்கவில்லை" என்ற வரியை எத்தனை குறிப்பில் தட்டச்சு செய்திருப்பேன்! தேடினால்தானே கிடைப்பதற்கு? ஓர் இடம் காலியானதும் தலைவர் கைப்பேசியை எடுப்பார். "நல்ல ஆள் யாராவது இருந்தா சொல்லுங்க" என்று தெரிந்தவர்களிடம் கேட்பார். அவர்களும் கூடப் படித்தவர், கூட வேலை பார்த்தவர் என்று பெயர் சொல்வார்கள். சாயங்காலத்துக்குள் பட்டியல் தயார். இதில் சதி எதுவும் இல்லை. அந்தக் கைப்பேசியில் இருந்த எண்கள் அப்படி.

அப்புறம் வந்த ஒரு தலைவர், விளம்பரம் கொடுத்தே ஆக வேண்டும் என்றார். பழைய விளம்பரத்தைத் தேடி எடுத்தால், "ஏற்கெனவே ஏதேனும் ஒரு வாரியத்தில் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும்" என்று ஒரு நிபந்தனை. உள்ளே இருந்தவர்தான் உள்ளே வரலாம்! அதைத் தூக்கிவிட்டு, "கணக்கறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்" என்று போட்டோம். தணிக்கையாளர்கள், மருத்துவமனை நிர்வாகம் பார்த்தவர்கள், கூட்டுறவுச் சங்கம் நடத்தியவர்கள் என்று விண்ணப்பங்கள் வந்தன. பெண்கள் கணிசமாக இருந்தார்கள்.

உங்களுக்கு எப்படி?

ஒற்றைப் பெண் உறுப்பினராக இருந்தவர்

முதல் கூட்டத்திலேயே ஒருவர், "மேடம், மினிட்ஸ் நீங்க எழுதிடுங்களேன், உங்க கையெழுத்து அழகா இருக்கும்" என்றார். என் கையெழுத்தை அவர் பார்த்ததே இல்லை. "செயலாளர்தான் எழுதணும்னு விதியில இருக்கே சார்" என்றேன். சரி, அது அதோடு போயிற்று.

துணைக்குழு பிரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. கேட்காமலே என்னை மகளிர் நலக் குழுவில் போட்டார்கள். கொள்முதல் குழு வேண்டும் என்றேன். "அதுல டென்ஷன் ஜாஸ்தி மேடம்." டெண்டர் எல்லாம் அங்கேதான் முடிவாகும்; பெரிய கூட்டத்துக்கு வெறும் ஒப்புதலுக்கு வரும். ஒரு வாரியத்தில் எத்தனை பெண்கள் என்று யாராவது எண்ணிக்கை சொன்னால், நிதிக்குழுவிலும் கொள்முதல் குழுவிலும் எத்தனை பேர் என்று திருப்பிக் கேளுங்கள்.

இரண்டாவதாக ஒரு பெண் வந்த பிறகு பேச்சின் போக்கே மாறியது. அதற்கு முன் நான் சொல்லி யார் காதிலும் விழாத யோசனை, சற்று நேரம் கழித்து இன்னொருவர் வாயால் வந்தால் "பிரமாதம்" ஆகிவிடும். இப்போது நான் சொன்னதும் புதிதாக வந்த அந்தப் பெண், "மேடம் சொன்னதையே முதல்ல பேசி முடிப்போம்" என்று பிடித்துக்கொள்வார். அவர் சொன்னதை நான். ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில் பெண் அதிகாரிகள் இதையே ஓர் உத்தியாக வைத்திருந்தார்கள் என்று பின்னால் படித்தேன்.

ஒதுக்கீட்டில் சந்தேகம் உள்ளவர்

ஒதுக்கீடு வைத்தால் பொம்மைகள்தான் வருவார்கள் என்று வாதாடியவன் நான். பாதி இன்னும் அந்தக் கட்சிதான். இந்தியாவில் 2013 கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களில் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்றது. முதலாளியின் மனைவியையோ மகளையோ உட்காரவைத்துக் கணக்குக் காட்டிய நிறுவனங்கள் உண்டு.

ஆனால் நார்வே ஒரே ஓர் இடத்தோடு நிற்கவில்லை. 2003-ல் 40 சதவீதம் என்று சட்டம் போட்டார்கள். பெரிய பங்கு நிறுவனங்களுக்கு 2008 வரை கெடு, மீறினால் நிறுவனத்தையே கலைக்கலாம். இடங்கள் நிரம்பின. "அதே சில பெண்கள்தான் எல்லா வாரியத்திலும்" என்று அங்கேயும் முணுமுணுப்பு வந்தது. இதை வீட்டில் சொன்னபோது, "ஆம்பளை ஒருத்தரே நாலு வாரியத்துல இருந்தா அதை அனுபவம்னு சொல்வீங்களே" என்றாள் என் மனைவி. பதில் சொல்ல முடியவில்லை.

என்னை அதிகம் அசைத்தது மேற்கு வங்க ஊராட்சிகள் பற்றி ஆய்வாளர்கள் ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்ளோவும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு. எந்த ஊராட்சிக்குப் பெண் தலைவர் என்பதை யாரும் கைகாட்டித் தேர்ந்தெடுக்கவில்லை என்பதால், ஒதுக்கிய ஊரையும் ஒதுக்காத ஊரையும் நேராக ஒப்பிட முடிந்தது. ஒதுக்கிய ஊர்களில் குடிநீருக்குக் கூடுதல் பணம் போயிருந்தது. பெண்கள் அங்கே அதிகம் புகார் கொடுத்ததும் குடிநீருக்குத்தான். பொம்மை என்றால் இது நடந்திருக்காது.

நியமனக் கோப்பு பார்த்தவர்

சமமான தகுதியில் இரண்டு பேர் வந்து நின்றால் என்ன செய்வது என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஸ்காட்லாந்தின் 2018 சட்டம் பொது வாரியங்களுக்கு அதைத்தான் சொல்கிறது: தகுதி முதலில், அது சமமாக இருந்தால், பாதி இடம் எட்டும்வரை பெண்ணுக்கு. விண்ணப்பிக்கும்படி பெண்களை ஊக்குவிப்பதும் அங்கே சட்டப்படி வாரியத்தின் வேலை.

எங்கள் விளம்பரத்தில் இன்னொன்றும் சேர்த்தோம்: கூட்டம் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், பயணப்படி உண்டா என்று. முன்பெல்லாம் தயங்கித் தயங்கிப் போன் செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்டது இதைத்தான்.