புன்சாக் ஜெயா பற்றி அறிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். இந்தோனேசியாவின் பப்புவாவிலுள்ள புன்சாக் ஜெயா சிகரம் (4,884 மீட்டர்) பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 4 பாகையிலேயே பனியாறு என்பது இன்னும் வியப்பாக இருக்கிறது. சிகரமோ சுண்ணாம்புக்கல்: கடலடியில் படிந்து, ஆஸ்திரேலியப் புவித்தட்டு (நிலத்தைத் தாங்கும் பெரும் பாறைப் பலகை) பசிபிக் தட்டோடு மோதியதில் மேலெழுந்தது. மழைநீர் கரைத்த அதன் விளிம்புகள் கத்திபோல் கூரானவை. அந்தப் பாறையிலுள்ள கடலுயிர்ப் புதைபடிவங்களை நெருக்கத்தில் எடுத்த படங்கள் யாரிடமாவது இருக்கின்றனவா?

காலநிலையில்தான் தடுமாறுகிறேன். அங்கிருந்த மெரன் பனியாறு 2000-க்குள் மறைந்தேவிட்டது. மிச்சப் பனியும் வேகமாகக் கரைகிறது, மனம் கனக்கிறது. காற்று வெப்பமாவதும், பனிக்குப் பதில் மழை பெய்வதும் காரணங்கள். இரண்டில் எதன் பங்கு பெரிது? வானிலையியல் படித்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள். பழைய வரைபடம் இருந்தாலும் அனுப்புங்கள்.