சொந்த ஓவியத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தோம்: வரிக்கணக்கில் என்ன நடந்தது?

அமெரிக்காவில் படம் வரைந்து விற்றுப் பிழைக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். ஒரு பல்கலைக்கழக அருங்காட்சியகம் என்னுடைய இரண்டு ஓவியங்களைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ஒன்றை நானே கொடுத்தேன். மற்றது, பல வருடங்களுக்கு முன்பு என்னிடம் 900 டாலருக்கு வாங்கிய ஒரு டாக்டர் கொடுத்தது. இரண்டும் ஒரே தொடர், ஒரே அளவு.

டாக்டர் தன் படத்துக்கு 6,000 டாலர் வரிக்கழிவு எடுத்துக்கொண்டார், அதாவது வரி போடும் வருமானத்திலிருந்து அவ்வளவு தொகையைக் கழித்துக்கொண்டார். கழிவு 5,000 டாலரைத் தாண்டினால் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். பொருளாகக் கொடுத்த தானத்தைக் காட்டும் வரிப் படிவமான 8283-இல் மதிப்பீட்டாளரும் அருங்காட்சியகமும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மதிப்பீட்டாளர் விவரம் கேட்டுக் கூப்பிட்டது என்னைத்தான். சமீபத்தில் இதே அளவுப் படங்கள் என்ன விலைக்குப் போயின, கேலரி கமிஷன் போக எவ்வளவு வந்தது, எந்த வருடம் வரைந்தது என்று எல்லாவற்றையும் கேட்டார். வார்னிஷ் ஓரத்தில் மஞ்சளாகியிருந்தது உங்கள் கை வேலையா, காலம் செய்ததா என்றுகூட விசாரித்தார். என் பில் நகல்களைத் தேதிவாரியாக அடுக்கி அனுப்பினேன். அவற்றை வைத்துத்தான் அந்த 6,000 வந்தது.

சரி, என் படத்துக்கு? வரைந்தவரே கொடுத்தால் பொருள் செலவை மட்டும்தான் கழிக்கலாம் என்பது விதி. கேன்வாஸ், பெயிண்ட், ஃப்ரேம் எல்லாம் சேர்த்து 140 டாலர். அதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பொருட்களை வாங்கிய வருடமே தொழில் செலவாக ஷெட்யூல் சி-யில் (சொந்தத் தொழிலின் வரவு செலவைக் காட்டும் வரிப் படிவம்) எழுதியாகிவிட்டது, ஒரே செலவை இரண்டு தடவை கழிக்க முடியாது என்று என் கணக்காளர் சொல்லிவிட்டார். கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. மாணவர்கள் தினமும் அந்தப் படத்தின் முன்னால் நின்று பார்க்கிறார்கள். ஆனால் பணம் கொடுத்து வாங்கியவருக்கு 6,000, வரைந்த கைக்கு ஒன்றுமில்லை என்பது அநியாயம். இதை உரக்கச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

*

அக்கா, நான் வரிக்கணக்கு தயாரிக்கும் தொழிலில் இருப்பவன். வரைந்தவருக்குப் பொருள் செலவு மட்டும்தான் என்கிற இந்த விதி 1969-ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டத்தோடு வந்தது. அதுவரை கலைஞர்களும் முழுச் சந்தை மதிப்பைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். அரசியல்வாதிகள் தங்கள் சொந்தக் காகிதங்களைக் கொடுத்துப் பெரிய கழிவு எடுப்பதற்கும் அந்தச் சட்டம்தான் கதவை அடைத்தது. நிக்சன் தன் துணை அதிபர் காலத்து ஆவணங்களுக்கு ஏறத்தாழ 5,76,000 டாலர் கழிவு கேட்டார். அந்தச் சட்டம் வைத்த கெடுவான 1969 ஜூலை 25-க்கு முன்பே கொடுத்துவிட்டதாகக் காட்டப் பத்திரத்தில் முன்தேதி போட்டது பிற்பாடு தெரியவந்து, அந்தக் கழிவு செல்லாமல் போனது.

சட்டம் சொல்லும் காரணம் இது: படத்தை விற்றிருந்தால் அந்த 6,000-க்கு வருமான வரி கட்டியிருப்பீர்கள், விற்கவில்லை, வருமானமாகவும் காட்டவில்லை, பிறகு எதைக் கழிப்பது? எனக்கு இது பாதி நியாயமாகத்தான் படுகிறது. டாக்டரும் 5,100 டாலர் லாபத்துக்கு வரி கட்டவில்லையே. அவர் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த மூலதனச் சொத்து (விற்பனைச் சரக்காக இல்லாத சொந்த உடைமை) என்பதால் அவருக்கு அந்தச் சலுகை. கலைஞருக்கும் சந்தை மதிப்பைத் தர வேண்டும் என்று செனட்டர் பாட்ரிக் லேஹி திரும்பத் திரும்ப மசோதா கொண்டுவந்தார். எதுவும் சட்டமாகவில்லை.

என்னிடம் வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது தொண்டு ஏலத்தில்தான். "முழு மதிப்புக்கும் வரிக்கழிவு" என்று அழைப்பிதழில் போட்டிருப்பார்கள், நம்பாதீர்கள். அமைப்பு அந்தப் படத்தை ஏலத்தில் விற்றுக் காசாக்கினால், விலைக்கு வாங்கிய சேகரிப்பாளருக்கும் வாங்கிய விலைக்கு மேல் கழிவு கிடையாது. டாக்டருக்கு முழு மதிப்பு கிடைத்தது, படம் அருங்காட்சியகத்தின் கல்விப் பணிக்கே பயன்படுவதால். அப்புறம், படத்தை நண்பருக்கு அன்பளிப்பாகக் கொடுத்து அவர் மூலமாகத் தானம் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். அது செல்லாது. உங்கள் செலவுக் கணக்கே அவருக்கும் ஒட்டிக்கொண்டு போகும்.

*

எங்கள் அம்மா ஓவியர். அவர் போன பிறகு வீட்டிலிருந்த படங்கள் எங்களுக்கு வந்தன. அவர் கையால் கொடுத்திருந்தால் பெயிண்ட் செலவு மட்டும்தான் கணக்கு. வாரிசாக நாங்கள் கொடுத்தபோது, அவர் இறந்த நாளின் சந்தை மதிப்பே எங்கள் அடிப்படை விலையாகிவிட்டது, அதாவது அந்த விலைக்கு நாங்கள் வாங்கியது போல வரிக்கணக்கு எடுத்துக்கொண்டது. ஒரு கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துச் சந்தை மதிப்பையே வரிக்கழிவாக எடுக்க முடிந்தது. அம்மா இருக்கும்போதே அந்த மரியாதை கிடைத்திருக்க வேண்டும் என்று அண்ணன் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வது சரி.

இதே வழியில் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். 5,000 டாலருக்கு மேல் கழிவு எடுத்த படத்தை அருங்காட்சியகம் மூன்று வருடத்துக்குள் விற்றால் கழிவின் ஒரு பகுதி உங்கள் வருமானத்தில் திரும்ப ஏறக்கூடும், அதனால் வைத்துக்கொள்வார்களா என்று முதலிலேயே கேளுங்கள். மதிப்பீட்டாளரின் கட்டணம் படத்தின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று இருக்கக்கூடாது. எங்களிடம் ஒருவர் அப்படித்தான் கேட்டார், வேறு ஆளைப் பார்த்துக்கொண்டோம்.