நுண்துளைப் புஷ் பேரிங்: ஊடுருவுதிறனைக் கூட்டினால் அழுத்தக் கணக்கு குவிய மறுக்கிறது

கேள்வி

வணக்கம். சின்டர் செய்த (தூளை அழுத்திச் சூடாக்கி உருவாக்கிய, நுண்துளைகள் கொண்ட) வெண்கலப் புஷ்ஷுக்குள் சுழலும் தண்டின் எண்ணெய்ப் படல அழுத்தத்தைக் கணிக்க நிரல் ஒன்று எழுதி வருகிறேன். புஷ்ஷின் உள் ஆரம் 10 மி.மீ., நீளம் 20 மி.மீ., சுவர்த் தடிமன் 3 மி.மீ.; ஆர இடைவெளி 20 மைக்ரான்; மையவிலகல் விகிதம் (தண்டின் மையம் விலகிய தூரத்தை ஆர இடைவெளியால் வகுத்தது) 0.6. புஷ் திடமான உறைக்குள் இறுக்கிப் பொருத்தப்பட்டிருப்பதால் வெளிப்புறமாக எண்ணெய் போகாது. படலம் மிகத் தடித்திருக்கும் இடத்தில் ஓர் எண்ணெய்க் காடி உண்டு.

படலத்துக்கு ரெனால்ட்ஸ் சமன்பாட்டையும் (மெல்லிய படலத்தின் அழுத்தத்தைத் தருவது), புஷ்ஷுக்கு டார்சி விதியிலிருந்து (நுண்துளைகள் வழியே நடக்கும் ஓட்டத்துக்கான விதி) வரும் லாப்லாஸ் சமன்பாட்டையும் மாற்றி மாற்றித் தீர்க்கிறேன். படல அழுத்தத்தைப் புஷ்ஷின் உட்பரப்பில் இட்டு, சுவருக்குள் கசியும் வேகத்தைக் கண்டு, அதை அடுத்த சுற்றில் ரெனால்ட்ஸ் சமன்பாட்டுக்குத் தருகிறேன். புஷ்ஷின் ஊடுருவுதிறன் (நுண்துளைகள் எண்ணெயை எவ்வளவு எளிதில் விடும் என்ற அளவு) 10⁻¹⁵ ச.மீ. என்றால் சில சுற்றுகளிலேயே விடை வருகிறது. 10⁻¹⁴ என்றால் மெதுவாக வருகிறது. 5×10⁻¹⁴ என்றால் பிழை ஒவ்வொரு சுற்றிலும் குறி மாறி மாறிப் பெருகுகிறது. வலையை இரு மடங்கு நுணுக்கியும் பயனில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. விடை குவியும் நேர்வுகளில்கூட, காடி வழியே நுழையும் எண்ணெயும் இரு முனைகளிலும் (புஷ்ஷின் முனைப் பரப்புகளையும் சேர்த்தே) வெளியேறும் எண்ணெயும் ஒத்துவரவில்லை. எதிர்மறை அழுத்தம் வரும் கணுக்களில் சுழியம் இடுகிறேன்.

மறுமொழி 1

குறி மாறிப் பெருகுகிறது என்று நீங்கள் எழுதியதே நோயைக் காட்டிக்கொடுக்கிறது. பிழை வலையில் இல்லை, மாற்றி மாற்றித் தீர்க்கும் முறையில் இருக்கிறது. ஒரு சுற்றில் அழுத்தம் சற்றுக் கூடினால் கசிவு கூடும். அக்கசிவைக் கொண்டு அடுத்த சுற்றில் படல அழுத்தம் இறங்கும். அந்த இறக்கம் முதல் ஏற்றத்தைவிடப் பெரிதானால் கணக்கு சிதறும்.

எவ்வளவு பெரிது என்பதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். மெல்லிய சுவருக்கு 1957-இல் மோர்கனும் கேமரனும் கையாண்ட தோராயத்தில், ரெனால்ட்ஸ் சமன்பாட்டிலுள்ள படலத் தடிமனின் மும்மடியோடு 12kH கூடுகிறது. இதில் k ஊடுருவுதிறன், H சுவர்த் தடிமன். உங்கள் மிகக் குறைந்த படலம் 8 மைக்ரான். அதன் மும்மடி 5.12×10⁻¹⁶ க.மீ. உங்கள் மூன்று ஊடுருவுதிறன்களுக்கும் 12kH-ஐ இதனால் வகுத்தால் முறையே 0.07, 0.70, 3.5 கிடைக்கின்றன. இவ்விகிதம் ஒரு சுற்றின் பெருக்கத்துக்கு மேல்வரம்பு. ஒன்றுக்குக் கீழே இருக்கும்வரை கணக்கு குவியும், தாண்டினால் உத்தரவாதமில்லை. நீங்கள் கண்ட மூன்று நடத்தைகளும் இதில் அடங்கிவிடுகின்றன.

உடனடித் தீர்வாகத் தளர்வுக் காரணியை (ஒவ்வொரு சுற்றிலும் புது மதிப்பை எவ்வளவு பங்கு ஏற்பது என்ற எண்) 0.4 என்று வையுங்கள், 2/(1+3.5) என்ற எல்லைக்கு அது கீழே இருக்கிறது. ஆனால் நான் பரிந்துரைப்பது இரண்டு சமன்பாடுகளையும் ஒரே அணியில் வைத்துச் சேர்த்துத் தீர்ப்பதைத்தான். ஊடுருவுதிறனை மேலும் கூட்டினாலும் அது தாங்கும்.

மறுமொழி 2

எண்ணெய் ஒத்துவராததற்கு அந்தச் சுழியம் இடும் வரியே காரணம். அழுத்தத்தைச் சுழியமாக்கிய கணுக்களில் நீங்கள் சமன்பாட்டையே தீர்ப்பதில்லை. படலம் முறிந்தபின் இடைவெளி விரிந்துகொண்டே போகிறது. தண்டு இழுத்துச் செல்லும் எண்ணெய் அந்த இடைவெளி முழுவதையும் நிரப்பியிருப்பதாக உங்கள் கணக்கு கொள்வதால், இல்லாத எண்ணெய் அங்கே பிறக்கிறது. புஷ்ஷிலிருந்து அதே இடத்தில் திரும்பக் கசிந்து வரும் எண்ணெயோ கணக்கில் ஏறுவதே இல்லை. நுண்துளைப் புஷ்ஷின் சிறப்பே அந்தத் திரும்பு கசிவுதான் என்பதால் இதை விட்டுவிடக் கூடாது. எல்ராட் முறையில் அழுத்தத்தோடு நிரப்பு விகிதத்தையும் (இடைவெளியில் எண்ணெய் நிரம்பிய பங்கு) மாறியாகக் கொள்ளுங்கள். கசிந்து வரும் எண்ணெய் அந்த விகிதத்தை உயர்த்தும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஒரே அணியில் சேர்த்துத் தீர்த்ததும் 5×10⁻¹⁴-க்கும் அதற்கு மேலும் விடை குவிகிறது. எல்ராட் முறையைச் சேர்த்தபின் எண்ணெய்க் கணக்கும் நேராகிவிட்டது. புஷ்ஷின் பரப்பில் எண்ணெய் வழுக்குவதையும் சேர்க்க வேண்டுமா?

மறுமொழி 1

இந்த அளவில் சேர்ப்பது நல்லது. 1967-இல் பீவர்ஸ், ஜோசப் இருவரும் தந்த நிபந்தனைப்படி வழுக்கல் நீளம் என்பது √k-ஐ α-ஆல் (நுண்துளைப் பரப்பின் தன்மையைப் பொறுத்த ஓர் எண்) வகுத்தது. உங்கள் √k ஏறத்தாழ 0.22 மைக்ரான். α ஒன்று என்றால் 8 மைக்ரான் படலத்தில் அது பெரிதாகத் தெரியாது. 0.1 என்றாலோ நீளம் 2.2 மைக்ரான் ஆகிவிடும். அழுத்தச் சரிவால் ஓடும் பங்கு அங்கே ஏறத்தாழ 1.65 மடங்காகி, தாங்கும் சுமை குறையும். தண்டு இழுத்துச் செல்லும் பங்கும் மாறும் என்பதால் ஒன்றை மட்டும் திருத்தி நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் சோதித்த பொருள்களிலேயே α 0.1 முதல் 4 வரை வேறுபட்டது. எனவே ஒரே மதிப்பை நம்பாமல் இரண்டு மூன்று மதிப்புகளுக்கு ஓட்டிப் பாருங்கள். புஷ்ஷின் உட்பரப்பைக் கடைந்திருந்தால் மேல்துளைகள் நசுங்கி அடைபட்டிருக்கும். அப்போது உட்புறத்தின் ஊடுருவுதிறனை அப்படியே பரப்புக்கும் இடக் கூடாது.