மறு: பார்கின்சன் மருந்து ‘பேட்ச்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘மருந்துப்பட்டை’ என்றே வைத்துவிடலாமே. சுருக்கம், எளிமை.

குழுவினருக்கு வணக்கம். கைகால் நடுங்கும் பார்கின்சன் நோய்க்கு, மருந்தை உடம்புக்குள் அனுப்பத் தோலில் ஒட்டும் துண்டைத்தான் ‘பேட்ச்’ என்கிறார்கள். அதற்கு நல்ல தமிழ்ப் பெயர் தேடுகிறோம்.

ஐயா, பட்டை என்றால் எங்கள் வேலூர்ப் பக்கத்தில் முதலில் வேப்பம்பட்டை, அப்புறம் நெற்றியில் பூசும் திருநீற்றுப் பட்டை. சீட்டில் ‘மருந்துப்பட்டை’ என்று எழுதிக் கொடுத்தால் நேராக நாட்டு மருந்துக் கடைக்குப் போய் நிற்பார்கள். முந்தைய மடலில் வந்த ‘தோலொட்டு’ இன்னும் சிக்கல். தீக்காயத்துக்கு ஓரிடத்துத் தோலை எடுத்து வேறிடத்தில் வைப்பதற்கும் அதே சொல்தான் புழங்குகிறது. போதாததற்கு ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று சுற்றிலும் தோல் பதனிடும் ஊர்கள். இங்கே ‘தோல்’ என்றதும் பலருக்கு ஷூவுக்குப் போகிற சரக்குதான் நினைவுக்கு வரும்.

> மக்கள் பிளாஸ்திரி என்கிறார்கள். அதையே எடுத்துக்கொள்வோம்.

மக்கள் சொல்வதை எடுத்துக்கொள்வதுதான் என் கட்சியும். ஆனால் இந்த ஒன்றில் உடன்பட முடியவில்லை. பிளாஸ்திரி காயத்தின் மேல் ஒட்டுவது. சுக்கை இழைத்துப் பத்து போடுவதும் வலிக்கிற நெற்றியில்தான். இரண்டும் வைத்த இடத்தில் வேலை செய்பவை. சத்துவாச்சாரியில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இந்த மருந்தைப் பற்றி விளக்கியபோது கேட்டார்: “கைதானே நடுங்குது, கையிலேயே ஒட்டினா சீக்கிரம் கேக்குமா?” பிளாஸ்திரி என்று சொன்னால் வேறு என்ன கேட்பார்?

பார்கின்சனுக்கு இப்படி வருவது ரோட்டிகோட்டின். மூளையில் குறைந்துபோன டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையை ஓரளவு செய்யும் மருந்து. விழுங்கினால் ஈரலே பெரும்பகுதியைச் சிதைத்துவிடும் என்பதால் தோல் வழியாக இரத்தத்துக்கு அனுப்புகிறார்கள். வயிறு, தொடை, இடுப்பு, விலா, தோள், மேற்கை இவற்றில் எங்கே ஒட்டினாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றே. 24 மணி நேரமும் சீராக இறங்கிக்கொண்டிருக்கும். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கும், அறுவைக்கு முன் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டியவர்களுக்கும் இது பெரிய உதவி. பார்கின்சனுக்கு வழக்கமாக விழுங்கக் கொடுக்கும் லெவோடோபாவையும் இப்படி ஒட்டிவிட முடியாதா என்று பலரும் கேட்கிறார்கள். ஒரு நாளைக்கு வேண்டிய அளவு மிக அதிகம், எளிதில் கரையவும் கரையாது. இத்தனை சிறிய துண்டு வழியாக அவ்வளவு போகாது.

பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெயர் வைப்பது சுலபம். நியூப்ரோ என்ற பெயரில் வருவது, முனை மழுங்கிய சதுரத் துண்டு. பின்னால் உள்ள தாளில் பாம்பு நெளிந்ததுபோல் ஒரு வெட்டு. விளிம்பை மடக்கினால் வெட்டு திறந்துகொள்ளும், பாதித் தாளை உரித்து ஒட்டிவிட்டு மறுபாதியை உரிக்கலாம். பிறகு உள்ளங்கையால் 30 விநாடி அழுத்த வேண்டும். தனியாக மருந்துப் பை எதுவும் அதில் கிடையாது, பசையிலேயே மருந்து கரைந்திருக்கிறது. 2008-இல் அமெரிக்காவில் இதைத் திரும்பப் பெற்றதற்கும் அதுதான் காரணம்: பசைக்குள் மருந்து படிகமாக உறையத் தொடங்கியது, உறைந்தால் தோலுக்குள் இறங்கும் அளவு குறையும். மாற்றிச் செய்து 2012-இல் மறுபடி கொண்டுவந்தார்கள். ஆக ஒட்டுவதும் மருந்தும் ஒரே பொருள். பெயரிலும் இரண்டும் சேர்ந்திருப்பது நல்லது.

‘மருந்தொட்டு’ எனக்கு முதலில் பிடித்திருந்தது. வேற்றுமை ஏற்றிப் பாருங்கள்: ‘மருந்தொட்டை உரிக்கவும்’. மருந்து ஓட்டையாகிவிடுகிறது. ‘மருந்தொட்டி’ என்றால் தண்ணீர்த் தொட்டி எட்டிப் பார்க்கிறது. கணினிக்காரர்களுக்கோ ஒட்டு என்றால் ‘கட், பேஸ்ட்’ என்கிற வெட்டு, ஒட்டுதான்.

என் முன்மொழிவு: ஒட்டுவில்லை. ஸ்டிக்கருக்கு இந்தச் சொல் ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது. கற்பூர வில்லை எல்லார் வீட்டிலும் இருக்கிறது, மருந்து வில்லை என்று மாத்திரையைச் சொல்வதும் உண்டு. ஒட்டுவில்லையை, ஒட்டுவில்லைகள், ஒட்டுவில்லையில் என்று எந்த உருபும் முரண்டு பிடிக்காது. வில்லை என்றால் விழுங்கிவிடுவார்களே என்று ஒருவர் கேட்கக்கூடும். முன்னால் ‘ஒட்டு’ நிற்கிறதே!

செயல்முறைக்குத் ‘தோல்வழி மருந்தேற்றம்’. ‘ஊடுருவல்’ வேண்டாம், எல்லைப் பிரச்சினைபோல் இருக்கிறது. “குளுக்கோஸ் ஏத்தினாங்க” என்று சொல்லாத வீடு இங்கே இல்லை. ஏற்றினால் இரத்தத்தில் கலக்கும், உடம்பு முழுக்கப் போகும் என்பது கேட்பவருக்குத் தானாகவே புரியும். அந்தப் பெரியவரின் கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது.

நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டறிக்கையில் சொல் நிற்கிறதா என்று எழுதிப் பார்த்தேன்:

“ஒட்டுவில்லையைத் தினமும் ஒரே நேரத்தில் மாற்றவும். ஒட்டிய இடத்திலேயே 14 நாளுக்குள் மறுபடி ஒட்டக் கூடாது. எண்ணெயோ பவுடரோ பூசிய உடம்பில் ஒட்டாது. ஒட்டுவில்லை மேல் நேரடி வெயிலோ வெந்நீர்ப் பையின் சூடோ பட்டால் மருந்து அதிகமாக ஏறக்கூடும். எம்ஆர்ஐ எடுக்கும்முன் கழற்றவும், பின்பக்கத்தில் அலுமினியம் உண்டு. கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்துப் போடவும், அதில் இன்னும் மருந்து மிச்சமிருக்கும்.”

அந்த வெயில் வரியைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும். கத்திரியில் 40 பாகையைத் தாண்டும் ஊர் இது. திடீர்த் தூக்கம், குமட்டல், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், ஒட்டிய இடத்தில் அரிப்பு ஆகியவற்றைத் தனிப் பத்தியாக மருத்துவரே எழுதட்டும்.

உரித்துப் போடும் பின்தாளுக்குக் ‘காப்புத்தாள்’ என்று வைத்திருக்கிறேன். இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.