கார்ப்பரேட்டிசத்துக்குத் ‘தொழிற்பிணைப்பியம்’ பொருந்துமா?

அன்புள்ள கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘பாசிசம்’ தமிழில் வேரூன்றிவிட்டது. அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அதனோடு இணைத்துப் பேசப்படும் ‘கார்ப்பரேட்டிசம்’ என்பதை ‘நிறுவனமயம்’ என்று வழங்கலாம் என முந்தைய மடலில் வந்த பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. சிங்கப்பூரின் தோ பாயோ நூலகத்தில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு நான் தயாரித்த தாளில் அச்சொல்லையே இட்டிருந்தேன். தொடக்கக் கல்லூரி மாணவி ஒருவர் அதைப் பென்சிலால் வட்டமிட்டு, “அப்படியென்றால் இத்தாலியைப் பெரிய கம்பெனிகளா ஆண்டன?” என்று கேட்டார். பிழை என் சொல்லில்தான் இருந்தது.

இத்தாலியப் பாசிசத்தில் ‘கார்ப்பரேஷன்’ எனப்பட்டது, ஒரு தொழில்துறையின் முதலாளிகளையும் தொழிலாளர்களையும் அரசின் பிடிக்குள் ஒருங்கே அமர்த்திய அவையாகும். 1934இல் அத்தகைய 22 அவைகள் நிறுவப்பட்டன. பிற கொள்கைகளிடமிருந்து பாசிசம் எதை எடுத்தது, எதை அழித்தது என்பது இங்கேதான் துலங்குகிறது. முசோலினி 1914 வரை சோசலிஸ்ட் கட்சி நாளேட்டின் ஆசிரியர். ‘பாசிசம்’ என்ற பெயருக்கு மூலமான ‘ஃபாஷோ’, அதாவது ‘கட்டு’ என்பதும் 1890களில் சிசிலியின் உழவர்களும் தொழிலாளர்களும் தம் சங்கங்களுக்கு வைத்த பெயரே. தொழிற்சங்க மரபிலிருந்து அமைப்பின் வடிவத்தைப் பெற்றுக்கொண்ட பாசிசம், வர்க்கப் போராட்டத்தை அகற்றிவிட்டு அவ்விடத்தில் தேசத்தை வைத்து, 1926இல் வேலைநிறுத்தத்தையும் சட்டத்தால் தடைசெய்தது. அதே வேளையில் தனியுடைமையை விட்டுவைத்தது. பாசிசம் இடதுசாரிகளை ஒடுக்க உதவும், பிறகு அதை அடக்கிக்கொள்ளலாம் என்று எண்ணிய, அப்போதைய பிரதமரும் தாராளவாதியுமான ஜொலிட்டி 1921 தேர்தலில் தம் கூட்டணியில் பாசிஸ்டுகளுக்கு இடமளித்தார். மறு ஆண்டே மன்னர் முசோலினியைப் பிரதமராக்கினார்.

‘முத்தரப்பியம்’ என்ற மற்றொரு பரிந்துரையும் எனக்கு உறுத்துகிறது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் அமரும், 1972 முதல் இயங்கிவரும் தேசிய சம்பள மன்றத்தால் ‘முத்தரப்பு’ சிங்கப்பூரில் நாளிதழ் வாசிக்கும் எவருக்கும் பழகிய சொல். தரப்பு என்றால் அதற்கெனக் குரல் இருக்க வேண்டும். இத்தாலியிலோ, 1925 உடன்பாட்டின்படி முதலாளிகளின் கூட்டமைப்பு பாசிசச் சங்கங்களை மட்டுமே தொழிலாளர் பிரதிநிதியாக ஏற்றது. ஏனைய சங்கங்கள் வெளியே தள்ளப்பட்டன.

ஆகவே ‘தொழிற்பிணைப்பியம்’ என்பதை முன்வைக்கிறேன். ‘பிணைப்பு’ உறவையும் தளையையும் ஒருங்கே சுட்டுகிறது. ‘கட்டு’ என்பதிலிருந்தே சொல்லாக்க முயன்றேன்; அது ‘கட்டியம்’ என்று முடிந்து, அரசவையில் கட்டியம் கூறுவதை நினைவூட்டியதால் விட்டுவிட்டேன். ‘பாசிச’ என்ற அடைமொழியையும் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. 1933 அரசமைப்பின் வழி இம்முறையை ஏற்ற, சர்வாதிகாரி சலாசரின் போர்ச்சுகலைப் பாசிச நாடு எனலாமா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. அந்நாட்டைப் பற்றி எழுதும்போதும் இச்சொல் தயக்கமின்றிப் பயன்பட வேண்டும்.